இடது கண்ணின் நான்காம் வரி

2011 மார்ச் 8, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. எங்கள் ஊர் மஹய்யாவ முழுக்கப் பனி. தூறல் விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சனசமூக நிலைய மண்டபத்தில் நாற்பத்தேழு பேர் காத்திருந்தோம். என் மனைவி முப்பத்தொன்றாவது ஆள், நான் முப்பத்திரண்டு.

நாட்டில் வயதானவர்களில் எத்தனை பேருக்குக் கண்நோய் இருக்கிறது என்று அறிவதற்கான கணக்கெடுப்பு அது. எல்லாரையும் சோதிக்க முடியாது, அங்கங்கே சிலரைச் சோதித்து நாடு முழுவதற்கும் கணக்குப் போடுவோம் என்று அதிகாரி விளக்கினார். கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்துநான்கு வருடம் கணக்குக் கற்பித்தவன் நான். அவர் சொன்னது அங்கே எனக்கு மட்டும்தான் புரிந்தது என்று நினைத்தேன்.

சுவரில் ஓர் அட்டை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பொருந்துமாறு, மூன்று கால் வைத்த ஒரே குறி வரிக்கு வரி சிறுத்து, வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்கும். கால்கள் இருக்கும் பக்கம் மூன்று விரலை நீட்டித் தாதிக்குக் காட்ட வேண்டும். பார்வை குறைந்தவர்களை மட்டும் டொக்டரிடம் அனுப்பினார்கள்.

என் மனைவி முதல் வரியிலேயே கையை இறக்கிவிட்டாள்.

“ஒண்ணும் தெரியல மிஸ். வெள்ளையா இருக்கு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. “ஏதாச்சும் காட்டேன்,” என்றேன் பின்னாலிருந்து.

“தெரியாதத எப்படிங்க காட்டுறது? நீங்க வந்து காட்டுங்க, பெரிய வாத்தியாரு!”

மண்டபமே சிரித்தது. அவளை உள்ளே அனுப்பினார்கள்.

அடுத்தது நான். வலது கண்ணால் நான்காம் வரி வரை பிழையில்லாமல் காட்டினேன். “ஹொந்தாய் சீயா, நல்லது தாத்தா, இப்ப மத்தக் கண்,” என்றாள் சிங்களத் தாதி. வலது கண்ணை மூடினேன். சுவரில் ஒரு சாம்பல் மூட்டம்தான் இருந்தது. ஆனால் நான்கு வரியில் பதினான்கு குறி. பதினான்கும் மனதில் வரிசையாக இருந்தன. விரலை நீட்டிக்கொண்டே போனேன். பரீட்சை என்று ஒன்றை முன்னால் வைத்தால், தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

தாதி சரி போட்டாள். வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அந்த வருடமே அரசாங்க ஆஸ்பத்திரியில் மனைவியின் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இப்போது அவளே ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

நான் டொக்டரிடம் போனது இரண்டு வருடம் கழித்து. வத்தேகமவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில், இடப்பக்கம் வந்த மோட்டார் சைக்கிள் தெரியாமல் விழுந்த பிறகு. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது, வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது என்றார்.

“எப்ப தொடக்கம் தெரியேல்லை?”

“ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்.”

“அப்பவே வந்திருந்தா இடது கண்ணில கொஞ்சமெண்டாலும் மிச்சம் பிடிச்சிருக்கலாம், ஐயா.”

“இவரு அப்ப பாஸ் பண்ணிட்டாரு டொக்டர்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. அறையில் நான்கு மின்விசிறிகள், ஒன்று சுற்றவில்லை.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவு எங்கேயாவது அச்சாகியிருக்கும். அதில் நான் நோயில்லாதவன். என்னைப் போல் வேறு எத்தனை பேர் விரல் நீட்டினார்களோ, தெரியாது.

வலது கண்ணுக்குத் தினமும் ஒரு சொட்டு விட வேண்டும். மருந்தைக் கிளினிக்கில் சும்மா தருவார்கள். அங்கே முடிந்துபோன மாதங்களில் வெளியே வாங்க வேண்டும். நான்கு வருட ரசீதுகளை நேற்றுக் கூட்டினேன். தொண்ணூற்றோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.