ஒரு பஜ்ஜிக் கடையும் ஊர்ப்பட்ட கல்யாணப் பத்திரிகைகளும்

ஏற்காட்டில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவருக்குச் சம்பாதிக்கிற மாதம் இரண்டு, சாப்பிடுகிற மாதம் பன்னிரண்டு. ஏப்ரலிலும் மேயிலும் ஏரி ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. மழை இல்லாத சனி ஞாயிறுகளில் கொஞ்சம் ஓடும். மற்ற நாட்களில் மூடுபனியையும் குரங்குகளையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தக் கணக்குப் புரிந்தவர்கள் மலையில் பிழைத்துக்கொள்கிறார்கள். கல்லாவில் இருப்பதெல்லாம் லாபம் என்று நினைக்கிற ஆளோடு குடும்பம் நடத்தும் பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டலாம். அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பற்றி எழுதியிருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

மைக்கில் ஒரு முதலாளி

என் வீட்டுக்காரர் முருகேசன் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் பழம் பறிக்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் யாரையும் எஸ்டேட்டில் யாரும் மரியாதையாகக் கூப்பிட்டது கிடையாது. ஏரி ரோட்டில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, மகள் பேரில் 'மீனா டிபன் ஸ்டால்' என்று நாங்கள் போர்டு மாட்டிய வருடம், அவருடைய பெரியப்பா மகன் செல்வத்துக்குச் சேலத்தில் கல்யாணம். இவர் ஐந்நூறு ரூபாய் மொய் எழுதப் போனார். மைக் பிடித்திருந்தவர், "என்னங்க தொழில்?" என்று கேட்டிருக்கிறார். "ஏற்காட்டுல கடைங்க." அவ்வளவுதான். "ஏற்காடு மீனா டிபன் ஸ்டால் முதலாளி திரு. முருகேசன் அவர்கள்..." என்று மண்டபமே அதிரச் சொல்லிவிட்டுத் தொகையைக் கேட்க நிறுத்தியிருக்கிறார். இவருக்கு ஐந்நூறு என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் மாவும் எண்ணெயும் வாங்க வைத்திருந்ததையும் சேர்த்து ஐயாயிரம் எழுதிவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன், பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்கும் அந்த 'முதலாளி' இனித்தது. மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோதுதான் கசந்தது. கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து எங்களுக்கு வெங்காயம் நறுக்கித் தருகிற பாப்பாத்தி அக்கா காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிச் சொன்னாள்: "மொதலாளி வந்துட்டாருங்க, மாவுதான் இன்னும் வரல."

விளம்பரம்

நான் சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது செலவு இல்ல புள்ள, வெளம்பரம். அத்தன சனத்துக்கு முன்னால கடை பேரச் சொன்னாங்களே, அதுக்கே காசு கேப்பாங்க" என்றார். விளம்பரம் பலிக்கத்தான் செய்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொந்தபந்தங்கள் வேன் பிடித்து மலையேறி வந்து, "நம்ம முருகேசன் கடை" என்று உள்ளே நுழைந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் காசு வாங்குவது கௌரவக் குறைச்சல். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு மிளகுப் பொட்டலம் வேறு.

எங்களுக்கு இருந்ததே மூன்று மேஜை. காசு கொடுக்கிறவர்கள் வாசலில் நின்றார்கள், கொடுக்காதவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து இன்னொரு தட்டுக் கேட்டார்கள். கைக்குழந்தையோடு வெகுநேரம் நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, இது கடைங்களா, கல்யாண ஊடுங்களா? கடைன்னா சொல்லுங்க, காத்திருக்கறோம்."

பேசும் பெட்டி

கல்லாவில் அவர் கை படாமல் நான் காவல் காக்க ஆரம்பித்தேன். உடனே க்யூஆர் அட்டை வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஃபோனைக் காட்டினால் காசு நேராக இவர் கணக்கில் விழும். மேஜை மேல் ஒரு பெட்டி, "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று அழகான பெண் குரலில் சொல்லும். வருகிற காசை ஊருக்கே கேட்கச் சொன்ன அந்தப் பெட்டிக்கு, போகிற காசைச் சொல்ல மட்டும் வாய் இல்லை.

முன்பெல்லாம் சீசனில் கல்யாணம் வந்தால், "கடைய உட்டுட்டு வர முடியலீங்க" என்று தப்பித்துக்கொள்ளலாம். இப்போது பத்திரிகையின் அடியிலேயே க்யூஆர் அச்சடித்து அனுப்புகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஈடு பஜ்ஜியைப் போட்டுவிட்டு, அது சிவப்பதற்குள் மாவு ஒட்டிய கட்டை விரலால் மூவாயிரம் அனுப்பிவிடுவார். பெண் யார், மாப்பிள்ளை யார் என்றுகூடத் தெரியாத கல்யாணங்கள் அதில் பாதி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய்க் கடை ஆள் நிலுவைக்கு வந்து நின்றார். இவர் ஃபோனை அமுக்கினார், கணக்கில் பணம் போதவில்லை என்று வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் அதே. வந்தவர் பெட்டியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மத்தியானத்துல இருந்து இந்தப் பொட்டி கத்துன கத்துக்கு, கால் டின்னு காசு கூட இல்லைங்கறீங்களே."

கறுத்த எண்ணெய்

அதற்கப்புறம் டின் வரவில்லை. பாக்கெட் பாக்கெட்டாகக் கடையில் வாங்கி, ஊற்றிய எண்ணெய்மேலேயே ஊற்றிச் சமாளித்தோம். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சாப்பாட்டுத் தொழிலில் இருப்பவளுக்குத் தெரியாதா, எந்த எண்ணெயைக் கீழே கொட்ட வேண்டும் என்று? கொட்ட மனசு இருந்தது, மறுபடி வாங்கக் காசு இல்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் உடைத்தது சொந்தக் கடைத் தேங்காய்.

வருடா வருடம் எங்கள் கடையைத் தேடிவருகிற ஒரு சேலத்து அம்மா அந்த முறையும் பேத்தியோடு வந்தார். ஒரு வாய் கடித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பியிருப்பதாக நினைத்து, பேத்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "சாஸ் நல்லாத் தொட்டுக்க கண்ணு, எண்ணெ வாசம் தெரியாது."

இரண்டு கணக்கு

இந்த நிலைமையில்தான் கட்டடக்காரர் வந்தார். நல்ல மனுஷன், வாடகைக்காக ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. மே மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, அட்வான்ஸ் இன்னும் ஒரு லட்சம் வேண்டும், முடியாவிட்டால் கொடுக்கத் தயாராக வேறு ஆள் இருக்கிறது என்றார். ஏரி ரோட்டில் அந்த அறையை விட்டால் எங்களுக்கு வேறு இடம் கிடைக்காது. நான் கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பேசும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று சொல்லி ஏப்ரல் முழுக்க நின்றேன். அறுபதாயிரம் சேர்ந்தது. மே மாதக் கூட்டம் முழுசாக மிச்சமிருந்தது. கடை பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் வேறு கணக்குப் போட்டார். "நாம போட்ட மொய்யெல்லாம் ஊர்ல கெடக்குது புள்ள. ஒரு விசேஷம் வெச்சா ஒரே நாள்ல திரும்பி வந்துரும். அட்வான்ஸும் குடுத்தர்லாம், எண்ணெக் கடைப் பாக்கியையும் அடச்சர்லாம்." எங்கள் பக்கத்தில் மொய் என்பது அப்படித்தான். நீங்கள் வைத்ததை உங்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைப்பார்கள். அதனால் மீனாவுக்குக் காதுகுத்து. பள்ளிக்கூட லீவில்தான் எல்லோரும் வருவார்கள், அதனால் மே மாதம். சீசன் நடுவில் கடையைப் பூட்டுவதா என்று கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், கடைசியில் சாவியைக் கொடுத்தேன். அறுபதாயிரமும் மண்டபத்துக்கும் கிடாய்க்கும் போய்ச் சேர்ந்தது. கட்டடக்காரருக்கும் பத்திரிகை வைத்தோம். அவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வர்றனுங்க, மொய்யும் வெக்கறன். அதையே எனக்கு அட்வான்ஸாத் திருப்பிக் குடுத்தறாதீங்க."

நோட்டில் இல்லாத பேர்

கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் கடையில் ஓசியில் பஜ்ஜி தின்ற வேன்கள் அத்தனையும் வந்து கறிச்சோறும் தின்றன. தாய்மாமன் சீருக்காக என் தம்பி வட்டிக்கு வாங்கி வந்தான். அவன் கதையை அவன் தனியாக எழுதட்டும். மொய் எழுத உட்கார்ந்தது செல்வம். தன் கல்யாணத்துக்கு வந்த ஐயாயிரத்தை ஒரு பைசா குறையாமல், மேலே ஐந்நூறு வைத்து அவன் முதலில் எழுதினான். அப்புறம் வந்தவர்கள் ஐந்நூறும் இருநூறுமாக எழுதிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் கிடாய்க் காசே தேறவில்லை. இவர் முகம் செத்துப்போனது. நான்தான் செல்வத்திடம் கேட்டேன், அத்தனை பேருக்குப் போட்டோமே, எங்கே போனது என்று. அவன் சங்கடத்தோடு நெளிந்தான். நேரில் எழுதினால் நோட்டில் ஏறும். அண்ணன் போட்டதோ ஃபோனில், அது விழுந்தது மாப்பிள்ளைப் பையன்களின் கணக்கில். மொய் நோட்டு இருப்பது அவர்களுடைய அப்பாக்களிடம். அந்தப் பையன்கள் அதில் தேனிலவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள், ஒருவன்கூட வீட்டில் சொல்லவில்லை. செல்வம் சொன்னான்: "நோட்டப் பாத்துத்தான அண்ணி எல்லாரும் மொய் திருப்பறாங்க? நோட்டுல அண்ணன் பேரே இல்லீங்களே."

பூட்டிய கடை

மூன்று நாள் பூட்டியிருந்த கடையைத் திங்கட்கிழமை திறந்தோம். சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்குகிற சமயம், மலைக் கிராமத்துச் சனமும் வெளியூர்ச் சனமும் ஒன்றாகச் சேர்ந்து டவுனே திணறுகிற வாரம் அது. ஷட்டருக்கு முன்னால் எச்சில் தட்டும் கப்பும் குவிந்து கிடந்தன. ஒன்றுகூட எங்கள் கடைத் தட்டு இல்லை. நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பாப்பாத்தி அக்கா வந்தாள். அவளும் சாமான் வாங்க சனிக்கிழமை டவுனுக்கு வந்தவள். துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நொம்பக் கூட்டமுங்க. பக்கத்துக் கடையில பஜ்ஜி வாங்கி, நம்ம ஷட்டருல சாஞ்சு நின்னு தின்னாங்க."

சாவி

மிச்சமிருந்த நாட்களில் எவ்வளவு நின்றும் ஒரு லட்சம் சேரவில்லை. கட்டடக்காரர் வாடகை பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கொடுத்தார். அது அங்கிருந்து நேராக எண்ணெய்க் கடைக்குப் போனது. முதலுக்கே மோசம் என்பார்களே, அதை நான் அந்த வாசலில் நின்று பார்த்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. மைக் பிடித்த ஒருவன் கொடுத்த மரியாதையை வைத்துக்கொள்ள இந்த மனுஷன் எவ்வளவு கட்டினார் என்று நினைத்து, அந்த ரோட்டிலேயே நின்று அழுதேன். உள்ளே டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்த புதுக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "போர்டக் கழட்டிக்கறீங்களா, இல்ல நானே பழைய இரும்புக்குப் போட்டறட்டுங்களா?"

பாவம் பார்த்தவர்கள்

இப்போது நான் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறேன். மழை வந்தால் வியாபாரம் முடிந்தது. என் வீட்டுக்காரர் எஸ்டேட் வேலைக்குப் போகிறார், காலையில் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் பேர் எழுதும்போது வரிசையில் நிற்கிறார். போன மாதம் செல்வத்தின் தங்கைக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தது. கூடப் பிறந்த அண்ணன் மாதிரி அவளைத் தூக்கி வளர்த்தவர் இவர். வெள்ளை வேட்டியை எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டுப் பத்திரிகைக்குக் காத்திருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார். ஃபோனையும் எடுத்து எடுத்துப் பார்ப்பார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு வேட்டியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

போன ஞாயிறு செல்வம் நண்பர்களோடு மலைக்கு வந்தவன் என் வண்டியில் நின்று சாப்பிட்டான். வாழ்நாளில் முதல்முறையாக முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேவிட்டேன். அவன் உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னான்: "பத்திரிக வெச்சா உங்களுக்குச் செலவுங்களே அண்ணி, பாவம்னுதான் உட்டுட்டோம்."

சொந்தத்தில் ஒருவராவது எங்கள் செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டுமென்றால், ஒரு முழுக் கடையை மொய்யாக எழுத வேண்டியிருக்கிறது.