ஆணியில் சுற்றிய வெளிச்சம்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்புப் படித்திருக்கிறேன். மகள் பெங்களூரில் வெளிச்சத்தை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும், கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றுதான் முதலில் பயந்தேன்.

லீவுக்கு அட்டுவம்பட்டி வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் ஒரு உளுந்தவடையை எடுத்து விளக்கினாள். நசுக்கினாலும் இழுத்தாலும் வடைக்கு ஓட்டை ஒன்றுதான். முக்கால் ஓட்டை என்று கிடையாதாம். அப்படி லேசில் மாறாத ஒரு கணக்கை வைத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரி ஒரு சின்னச் சில்லுக்குள் பாதை போட்டால், செய்ததில் கோணல்மாணல் இருந்தாலும் வெளிச்சம் சிதறாமல், திரும்பாமல், ஓரத்தோடு சுற்றிக்கொண்டு போய்விடுமாம்.

"வடையத் தின்னுட்டா?" என்றேன்.

"அப்ப எல்லாம் போச்சு. எதுக்கும் ஒரு அளவு இருக்கும்மா."

எனக்கு அந்த அளவுதான் கவலை.

மறுநாள் காலையில் அவளுக்கு வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல், கம்ப்யூட்டர் வழியாக. அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, வெளியே சௌசௌ பந்தலை மேய ஒரு காட்டுமாடு வந்து நின்றது. எங்கள் நெட் ஒயர் பந்தலுக்கு மேலேதான் தொங்கிக் கிடக்கும். கொம்பில் மாட்டினால் வேலை போச்சு. ஜன்னல் வழியே ஒயரை வெரசா இழுத்து, கொடிக்கயிறு மாதிரி ஆணியில் இறுக்கிச் சுற்றினேன்.

உள்ளே பேச்சு நின்றது. நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு. மகள் வந்து ஆணியைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்படிச் சுத்துன?"

"மாடு வந்துச்சு ஆத்தா."

"கரண்டு ஒயர்னா எப்படிச் சுத்துனாலும் பாயும். இது கண்ணாடி இழைம்மா. இவ்வளவு இறுக்கி வளைச்சா வெளிச்சம் ஒழுகிரும்."

ஒழுகினது எங்காவது தெரிகிறதா என்று சுவரைப் பார்த்தேன்.

அவள் சுற்றைத் தளர்த்தினாள்; பச்சை விளக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கம்ப்யூட்டரில் பலர் சிரிக்கும் சத்தம். வேலை போயே போச்சு என்று முடிவுகட்டி, பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். யார் தலை என்று அவசரத்தில் சொல்லவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். இந்த ஆராய்ச்சி யாருக்கு உதவும் என்று கேட்டார்களாம். நான் ஒயரை ஆணியில் சுற்றிய கதையைச் சொல்லி, "எங்கம்மா மாதிரி ஆளு பக்கத்துல இருக்குற எல்லாருக்கும்" என்றாளாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

வேலை கிடைத்துவிட்டது. நேர்த்திக்கடனைச் சொன்னேன். மகள் தன் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, என் கொண்டையைப் பார்த்தாள்.