தலையில் இருந்தால் சுமை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் வீட்டில் ஒரு டம்ளர் காபியை அப்படியே தரையில் கொட்டிவிட்டேன். கை நடுக்கம் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். அதெல்லாம் இல்லை. டெலிவிஷனில் ஏதோ வெளிநாட்டு ஆட்டம். முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். பின்னாலிருந்து இன்னொருவன் பாய்ந்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக் குப்புறச் சாய்க்கிறான். "ஐயோ, தொடாதே!" என்று நான் போட்ட கத்தலில் பேரப்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "அது ரக்பி தாத்தா, அப்படித்தான் ஆடணும்" என்று எனக்கு விளக்கம் வேறு. எனக்கு!

மருமகள் தரை துடைக்கப் பழந்துணி ஒன்று கொண்டுவந்தாள். நான் வாங்கி, என்னை அறியாமலே அதை முறுக்கி வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். சும்மாடு. தலைச்சுமை உருளாமல் இருக்க அடியில் வைப்பார்களே, அது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் விரல்கள் மறக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கே திக்கென்றது.

கொல்லிமலையில் ரக்பி ஆடினோம் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள், பரவாயில்லை. சுதந்திரத்துக்குப் பல வருஷம் முந்தி, மலைமேல் காட்டிலாகா முகாமில் எனக்கு ரைட்டர் உத்தியோகம். ராசிபுரத்துப் பையன், இருபத்தோரு வயது, இங்க் பாட்டிலைத் தவிரக் கனமான எதையும் தூக்கியதில்லை. அப்போது மேலே போக ரோடு ஏது? காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதைதான். முகாமுக்கு ஒரு இளவயது வெள்ளைக்கார அதிகாரி வந்து சேர்ந்தார். எல்லாரும் தொரை என்போம். வரும்போதே ஒரு தோல் பந்தும் ஊதும் பம்பும் கொண்டுவந்திருந்தார். தனிமை தாங்காமல் ஒரு மாதம் அந்தப் பந்தைச் சுவரில் எறிந்து எறிந்து பிடித்தார். அப்புறம் எங்களைப் பிடித்தார்.

ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டுமாம். காடு காக்கிற கார்டுகள் நாலு பேர், நான் ஒருவன், மீதியெல்லாம் சுற்று மலையூர்களான எடப்புளி நாட்டிலும் குண்டனி நாட்டிலும் வெள்ளாமை செய்கிற மலைக்காரர்கள். பதினைந்து பேரும் ஒருநாளும் ஒன்றாகச் சேர்ந்ததில்லை. எந்த நேரத்திலும் மூன்று பேராவது மலைக்காய்ச்சலில் கம்பளிக்குள் கிடப்பார்கள். சாமை அறுத்த வயல்தான் மைதானம். தாள் வெறுங்காலில் குத்தும். வயல் ஒரு பக்கம் சரிவு, அதனால் மேட்டுப் பக்கம் யாருக்கு என்பதிலேயே பாதி நேரம் சண்டை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே பலாப்பழத்தைப் பிளந்து தின்போம். தொரையும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பிசினும் வேர்வையும் கலந்த வாடை இருக்கிறதே, இப்போதும் பலாச்சுளை வாசனை வந்தால் எனக்கு முழங்கால் சிராய்ப்பு எரிகிற மாதிரியே இருக்கும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். குண்டனி நாட்டுச் சடையன் கையில் தொரை பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். சடையனுக்குச் சுமை தூக்கும் தொழில். கீழே வாழைத்தாரும் மிளகும், மேலே உப்பும் சீமெண்ணெயும். அவன் காலை நம்பித்தான் அவன் வீட்டில் அம்மா, இரண்டு தங்கச்சிகள், எல்லோர் வயிறும். அவன் என்ன செய்தான் தெரியுமா? தலைத்துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதன்மேல் பந்தை வைத்து, ஒரு கையால் பிடித்தபடி ஓட ஆரம்பித்தான். அதைவிட வேடிக்கை, எதிரணி மலைக்காரர்கள் ஏழு பேரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். தொரைக்கு முகம் சிவந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்காதீங்க ரைட்டரே. சுமையோட வாரவனை நிறுத்தப்படாதுங்க. பாதை அவனுதுங்க" என்றான் சடையன்.

மலையில் அது சட்டம். தலையில் சுமையோடு ஒருவன் வந்தால் ஊர்க்கவுண்டரானாலும் பாதையை விட்டு இறங்கி நிற்பார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில் சுமைக்காரன் கால் தடுமாறினால் கதை முடிந்தது அல்லவா. தொரை கத்தினார், கெஞ்சினார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சடையனே ஒரு வழி சொன்னான்: "தலைல இருந்தாச் சுமை. கக்கத்துல இருந்தா ஆட்டம். தலைல வெக்காம ஓடுனா நாங்க புடிக்கறமுங்க." அதற்குப் பிறகு அவர்கள் பிடித்த பிடி இருக்கிறதே, எருதாட்டத்தில் காளையையே மடக்குகிற கைகள். என்னை மட்டும் வாரம் இரண்டு தடவை சடையன் மண்ணில் உருட்டுவான். உருட்டிவிட்டு, "வலிக்குதுங்களா சாமி?" என்று தூசி தட்டிவிடுவான்.

அறுவடை முடிந்த ஒரு மாசியில் சேலத்திலிருந்து ஒரு கோஷ்டி ஆட வந்தது. முக்கால்வாசி வெள்ளைக்காரர்கள், பூட்ஸ், கோடு போட்ட பனியன். காரவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலில், காலை ஆட்டம். சமமான தரையில் ஆடி எங்களுக்குப் பழக்கமே இல்லை, ஆனாலும் சமமாகவே ஆடிக்கொண்டிருந்தோம். அவர்களில் ஒரு தடியன், எங்கள் கைக்கு எட்டாமலிருக்கப் பந்தை ஒரு தடவை தலைக்குமேல் தூக்கினான். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் எல்லோரும் மளமளவென்று ஒதுங்கிவிட்டார்கள். அவன் திகைத்துப்போய், நடந்தே போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினான். தொரை தொப்பியைக் கழற்றித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

அடுத்த முறை பந்து கிடைத்ததும் அந்தத் தடியன் வேண்டுமென்றே அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இளித்தபடி நடந்து வந்தான். மறுபடியும் எல்லோரும் ஒதுங்கினார்கள். நான் ஒதுங்கவில்லை. நான்தான் கீழ்நாட்டான் ஆயிற்றே. ஓடிப்போய் அவன் கால்களைக் கட்டிக்கொண்டேன். மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்தான். உருண்ட பந்தைச் சடையன் எடுத்தான். அப்புறம் அவனை யார் பிடிப்பது? அடுத்து இன்னொரு தடவையும் அவனே பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினான். ஜெயித்துவிட்டோம்! தொரை என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறந்ததிலிருந்து என் உடம்பை ஒருவரும் மெச்சியதில்லை ஐயா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் சாய்வதற்குள் மேலே ஏறினோம். தொரை சேலத்தாரோடு சாப்பிடக் கீழே தங்கிவிட்டார். சடையன் ஆட்டம் ஆடிய உடம்போடு வழக்கம்போல ஒரு மூட்டை உப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். நான் பின்னால். வழியெல்லாம் என் வீரத்தையே நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். "இப்படிப் பிடித்தேன், இப்படி" என்று கையைக் காட்டினேன். அடுத்து என்ன செய்தேன்? எழுதவே கை கூசுகிறது. "இப்படி!" என்று ஓடிப்போய்ச் சடையனின் இரண்டு காலையும் பின்னாலிருந்து கட்டிவிட்டேன்.

விளையாட்டுக்குத்தான். சத்தியமாக விளையாட்டுக்குத்தான்.

மூட்டை பள்ளத்தில் விழுந்து வெடித்தது. சடையன் முழங்கால் பாறையில் மோதிய சத்தம் காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி இருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வலியில் பார்த்த பார்வை இல்லை அது, நம்ப முடியாமல் பார்த்தது. மற்றவர்கள் அசையாமல் நின்றார்கள். என்மேல் ஒருவன் பாய்ந்து நாலு அறை விட்டிருந்தால் பிழைத்துப்போயிருப்பேன். கார்டு முனியப்பன் மட்டும் நெஞ்சில் கைவைத்து, "என்னங்க ரைட்டரே... சுமைக்காரனைத் தொட்டுட்டீங்களே" என்றார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் சொன்னார். அந்த 'ங்க'வை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

கம்பளியில் தூளி கட்டி, அத்தனை பேரும் மாற்றி மாற்றி அவனைத் தூக்கிப்போனார்கள். என்னைத் தொடவிடவில்லை. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். தொரை ஓடிவந்து, அது விளையாட்டு, தெரியாமல் நடந்தது என்று எனக்காகப் பரிந்து பேசினார். ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டார்.

"வெளையாட்டு வயல்லதானுங்க தொரை. பாதைல பாதைதானுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் அவன் சுமை உங்குளுதுங்க ரைட்டரே" என்றார். தீர்ப்பு அவ்வளவுதான். ஏச்சு இல்லை, பேச்சு இல்லை.

சந்தைக்குச் சந்தை நான் சுமை தூக்கினேன். முதல் வாரம் கழுத்து உள்ளே இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். ஆட்டக்காரர்கள் என் சுமையில் கைவைக்க மாட்டார்கள், அது முறையில்லை. ஆனால் இரண்டு பேர் எப்போதும் கூட வந்தார்கள். வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஒருவன் முன்னால் நடந்து, "சுமை வருதுங்கோ!" என்று குரல் கொடுப்பான். ஒருவன் பின்னால், நான் சறுக்கினால் பிடிக்க. அவர்கள் நண்பனின் காலை ஒடித்தவன் நான். என் கால் ஒடியக் கூடாதென்று என் பின்னால் நடந்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி இரண்டாவது வாரம் விழுந்தது. வாழைத்தாரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே சடையனின் அம்மா நல்லம்மா தண்ணீர் எடுக்கப் போகிறாள், வெறுங்குடம் இடுப்பில். என்னைப் பார்த்துவிட்டாள். காறித் துப்புவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முள்ளுக்குள் இறங்கி நின்றாள். எனக்கு, எனக்கு வழிவிட்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"பாத்துப் போங்க கண்ணு, அங்க வழுக்கும்" என்றாள்.

தலையில் தார் இருந்ததால் என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நாலாவது மாதம் ஒரு சந்தை நாளில் சடையன் தடி ஊன்றி முகாமுக்கு வந்தான். கால் கோணலாகத்தான் கூடியிருந்தது. என் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டான். "போதுமுங்க ரைட்டரே, கழுத்து கோணிப் போச்சு உங்குளுக்கு" என்று சிரித்தான். பாதிச் சுமைதான் தூக்குவான் அதற்குப் பிறகு, இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆட்டம் மறுபடி நடக்கவே இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் பந்தை எடுக்கவில்லை. யுத்தம் வந்ததும் தொரை போனார். பந்து முகாம் சுவரில் ஆணியில் தொங்கிக் காற்றிறங்கித் தோல் வெடித்துப்போயிற்று.

எனக்கு மாற்றலாகிக் கிளம்பிய நாள்வரை, ஏன் அப்படிச் செய்தாய் என்று சடையன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: சந்தோஷத்தில் செய்தேன். அதைச் சொல்ல வாய் வந்திருக்குமா?

டெலிவிஷனைப் பார்த்த ஐந்தாம் நாள் மனசு கேளாமல் காரவள்ளி போய் மலை பஸ் ஏறினேன். பாதையைக் காட்டு என்றால் யாருக்கும் தெரியவில்லை. உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. குண்டனி நாட்டில் இறங்கி விசாரித்தேன். சடையன் போய்ப் பல வருஷமாகிறதாம். "எங்க அப்புச்சிங்களா?" என்று கேட்ட பேத்தியிடம் நான் யார் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ்ஸும் மிளகு மூட்டை ஏற்றிவந்த ஒரு லாரியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டு பேரும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பின்வாங்குவதாக இல்லை. எனக்கு என்ன ஆயிற்றோ, சீட்டிலிருந்து எழுந்து, "சுமை வருதுங்கோ! ஒதுங்குங்கோ!" என்று கத்திவிட்டேன்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உக்காருங்க பெரியவரே, விழுந்துருவீங்க" என்றார் கண்டக்டர்.