கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்த படங்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கூடத்துச் சாய்கதிரையில் கம்பளி போர்த்தபடி என் அண்ணன். அவருடைய காலடியில் ரிமோட்டோடு என் மகள். குசினி வாசலில் சாய்ந்து நின்ற என் மனைவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பின்பக்கப் பலகைத் தளத்தில், ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நான். வேறு யாரும் இல்லை. வரவும் முடியாது. கொரோனாவால் ஒக்லண்ட் நகரம் முழுவதும் அடைத்துக் கிடந்த காலம் அது.

அண்ணன் கலியாணம் கட்டாதவர், எங்களோடுதான் ஏவன்டேலில் இருந்தார். இரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, ஒரு சாதாரண தடிமன் வந்தாலும் தாங்காது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். எனக்கோ பென்ரோஸில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கிட்டங்கியில் வேலை. ஊர் அடைத்தாலும் அது அடைக்காது. ஆகவே வீட்டுக்குள் ஆபத்தைக் கொண்டுவரக்கூடிய ஒரே ஆள் நான்தான். கராஜில் படுத்தேன். மனைவி சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனபிறகுதான் எடுப்பேன். கண்ணாடியைத் தொட்டால்கூடத் துடைப்பேன்.

அடைபட்டவர்களைப் பற்றிய படங்களாகப் பார்ப்போம் என்றது அண்ணன்தான். "நாங்களும் அடைபட்டுத்தானே கிடக்கிறம், அவங்கள் என்ன செய்யிறாங்கள் எண்டு பாப்பம்." நான் வேலையால் வந்து குளித்தபிறகு டீவியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவைப்பார்கள். மகள் என் போனுக்கு அழைப்பெடுத்து அப்படியே விட்டுவிடுவாள். படத்தின் சத்தமும் அவர்களுடைய கதையும் அதில் கேட்கும். லிஃப்டில் மாட்டிய பெண், பனி மூடிய வீட்டில் ஒரு குடும்பம், சுரங்கம் இடிந்து உள்ளே கிடக்கும் தொழிலாளி.

எனக்குப் படம் பார்ப்பதென்றால் நெஞ்சிடி. தண்ணீர் எவ்வளவு மிச்சம், காற்று எங்கேயால் வருகிறது என்றே மனம் ஓடும். படத்துக்கு அடியில் எழுத்து ஓடினால் பாதிதான் பிடிபடும். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனால் முடிவை முதலே கேட்டுவிடுவது என் வழக்கம். அண்ணன் அதற்கு விடவில்லை. படத்துக்கு இரண்டு டொலர் பந்தயம் வைத்தார்.

இது எங்களுக்குப் பழைய விளையாட்டு. என் பள்ளிக்கூடம் நின்றுபோன அந்த வருடம், ஊர்ச் சண்டையில் ஷெல் அடிக்கும்போது பங்கருக்குள் அண்ணன் என்னோடு டொபி பந்தயம் கட்டுவார். அடுத்தது தூரத்தில் விழும் என்பார் அவர். கிட்ட விழும் என்பேன் நான். கெட்டதை நானே வாயால் சொல்லிவிட்டால் அது நடக்காது என்று ஒரு நினைப்பு. தோற்றபடியால்தான் உயிரோடு இருக்கிறேன்.

படங்களிலும் அப்படியே. உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார் என்று நான் சொல்வேன், வருவார் என்று அண்ணன் சொல்வார். அவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள்.

"முகத்தைப் பாருங்கோ," என்பாள் மனைவி. "தோத்த மனிசன் மாதிரியே இருக்கு?"

காசைக் கொடுக்க எடுத்தால் அண்ணன் சிரிப்பார். "கண்ணாடிக்குள்ளால எப்பிடித் தரப்போறாய்? உன்ர கைபட்ட காசை நீயே உள்ளுக்கு விடமாட்டாய். எல்லாம் முடியத் தா."

அன்று பார்த்த படத்தில் ஒரு கிழவர். தீவொன்றில் மழை அளக்கும் நிலையத்தில் தனியே இருக்கிறார். ரேடியோ செத்துப்போகிறது. கப்பல் வரவேண்டும். நான் வழக்கம்போல வாயைத் திறக்கமுன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இண்டைக்கு நான் உன்ர பக்கம். இந்தாள் வெளியில வராது."

"என்ன அண்ணை, பக்கம் மாறுறியள்?"

"ஒருக்கால் நீ வெண்டு பாரன்."

"அப்ப நான் வருவார் எண்டு சொல்லோணுமோ?"

"ஓம். சொல்லு."

மகள் திரும்பி, "அப்பா, இட்ஸ் ஒன்லி எ மூவி. ஜஸ்ட் சே இட்," என்றாள். பலகையில் மழை விழத் தொடங்கியிருந்தது. "வருவார்," என்றேன். நல்லதை வாய்விட்டுச் சொன்னதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பாதிப் படத்தில் அண்ணனுக்கு நடுக்கம் வந்தது. மனைவி நெற்றியில் கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மகள் படத்தை நிறுத்தினாள். கிழவர் கதவுக் கொளுவியில் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

அம்புலன்ஸ்காரர் முகமெல்லாம் மூடிக்கொண்டு வந்தார்கள். கூட யாரும் ஏறக்கூடாது என்றார்கள். நான் வேலியோரம் தள்ளி நின்றேன். அவர்களுடைய தள்ளுகட்டிலில் போகும்போது அண்ணன் தலையைத் தூக்கினார்.

"டேய் தம்பி, முடிவைப் பாத்திடாதை. வந்து பாப்பம்."

அவர் வரவில்லை. கொரோனா இல்லை, வேறு ஏதோ கிருமி என்று ஆஸ்பத்திரியில் இருந்து சொன்னார்கள். மூன்று தரம் திரும்பக் கேட்டேன். நான் கொண்டுவந்ததாக இருக்குமா என்று கேட்க ஆங்கிலம் வரவில்லை. மகளைக் கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். எங்கேயிருந்தும் வந்திருக்கலாம் என்றார்களாம். அந்தப் பதிலை இன்னமும் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அதற்குள் நிம்மதியும் இருக்கிறது, நித்திரையைக் கெடுப்பதும் இருக்கிறது.

ஊர் திறந்தபிறகு நான் கராஜில் இருந்து உள்ளே வந்தேன். சாய்கதிரையில் யாரும் இருப்பதில்லை. போன மாதம் மகள் வந்து, "அந்தப் படம் நான் பாத்திட்டன். எண்டிங் சொல்லட்டா, அப்பா?" என்று கேட்டாள். எப்போதும் முடிவை முதலில் கேட்கிற நான் வேண்டாம் என்றேன்.

ஆகவே அந்தக் கடைசிப் பந்தயம் இன்னும் தீரவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். மற்றபடி, முழுதாகப் பார்த்து நான் தோற்ற படங்களுக்கு அண்ணனுக்குக் கொடுக்கவேண்டியது பதினாறு டொலர்.