கம்பளத்தை ஏசிய யோகமலர்

யோகமலருக்கு வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாது. கனடாவில், ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்து அலுவலகங்களில் பதினாறு வருடம் துப்புரவு வேலை பார்த்தபோது சுழல் நாற்காலிகளோடு வழக்காடினாள். குப்பைக் கூடைகளுக்குப் புத்தி சொன்னாள். ஐம்பதாவது வயதில் அந்த வேலையை விட்டாள். மல்வேர்ன் பக்கம் ஒரு தொழிற்கூட வரிசையில் கடைசிக் கதவை வாடகைக்கு எடுத்து, ‘மலர் காப்பெற் கிளீனிங்’ என்று பலகை மாட்டினாள். அன்றிலிருந்து கம்பளங்களோடு பேசத் தொடங்கினாள். பேசினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் ஏசினாள்.

கணவர் சிவபாதம் வான் வண்டியில் போய்க் கம்பளங்களை ஏற்றி வருவார், கழுவிக் காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பார். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்குப் பேச வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

முதல் இரண்டு வருடமும் வியாபாரம் நொண்டியது. கோயில் வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். வாங்கிய சனம் அதில் விபூதியை மடித்துக்கொண்டு போனது. கல்கரியில் தாதியாக இருக்கும் மகள் லக்சிகா இன்ஸ்டகிராமில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். அதில் இருந்தது ஒரேயொரு பொங்கல் பானைப் படம். பின்தொடர்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் சிவபாதம் மட்டுமே இரண்டு பேர். முதற் கணக்கின் கடவுச்சொல்லை மறந்து இன்னொன்று திறந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பெண் ஒருத்தி, தன் கம்பளத்தில் இருந்த ஓட்டை இவர்கள் போட்டது என்று சண்டைக்கு வந்தாள். அவள் போன பிறகு சிவபாதம் யோகமலரின் கைபேசியை ஒரு கவ்வியால் அலுமாரித் தட்டில் பூட்டினார்.

“இனி வாற காப்பெற் எல்லாத்தையும் கழுவ முந்தியும் பிந்தியும் வீடியோ எடுத்து ஆக்களுக்கு அனுப்பும்” என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

ஒக்டோபரில், நன்றிகூறல் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, மார்க்கத்துச் சச்சிதானந்தனின் வீட்டு நிலவறையிலிருந்து ஒரு கம்பளம் வந்தது. ஆறு வருடம் அங்கே கிடந்தது. சாம்பல் நிறம் என்றுதான் வீட்டுக்காரரே நினைத்திருந்தார். யோகமலர் தண்ணீரைப் பீய்ச்சித் தேய்த்தாள். சேறு வழிந்தது. அதன் அடியிலிருந்து மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் எட்டிப் பார்த்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எட மூதேவி! இந்த நீலத்தையே இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தனீ? இவ்வளவு வடிவை வைச்சுக்கொண்டு ஊத்தையோட படுத்துக் கிடக்க உனக்கு வெக்கமா இல்லையே? திரும்பு. மற்றப் பக்கம் திரும்பு எண்டுறன்!”

மாலையில் அதை ஒரு நிமிடமாக வெட்டிச் சச்சிதானந்தனுக்கு அனுப்பினாள். அனுப்பியதாகத்தான் நினைத்தாள். ஈர விரல் எதையோ அமுக்க, அது இன்ஸ்டகிராமில் அந்தப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டது.

மறுநாள் காலை லக்சிகா தொலைபேசியில் அழைத்தாள். “அம்மா! ஓ மை கோட்! யூ ஆர் வைரல்! ரெண்டு லட்சம் பேர் பார்த்திருக்கினம்!”

“எதைப் பார்த்தவை?”

“உங்களைத்தான். நீங்கள் காப்பெற்றுக்கு ஏசுறதை!”

யோகமலர் நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். “ஐயோ, நான் சச்சி அண்ணைக்கெல்லோ அனுப்பினனான்!”

நாக்கைக் கடித்துக்கொண்டு சச்சிதானந்தனை அழைத்தாள். மன்னிப்புக் கேட்க இவள் வாயைத் திறக்க முன்னரே அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“பிள்ளை, அழிச்சுப்போடாதையும்! அது எங்கட காப்பெற் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம், மனுசி சத்தியம் வாங்கினவ. நான் இப்பதான் நாப்பது பேருக்கு அனுப்பிப்போட்டு இருக்கிறன்.”

அன்று முழுவதும் கைபேசி ஆடிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு பிள்ளை ஏச்சை வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதிப் போட்டிருந்தது. பிரேசிலிலிருந்து ஒரு பெண், தன் தாயும் இப்படித்தான் என்று அழுகைப் படம் போட்டிருந்தாள். யோகமலர் ஒவ்வொன்றையும் உரத்து வாசித்தாள். சிவபாதம் கேட்டார்: “பிரேசில்காரி காப்பெற் கழுவ இஞ்சை வருவாவோ?”

நியாயமான கேள்வி. அதற்கும் லக்சிகாதான் பதில் வைத்திருந்தாள்.

“அப்பா, சிரிக்கிறவை சிரிக்கட்டும். வாறவைக்கு வழி தெரிய வேணும். பேஜில அட்ரஸ், ஃபோன் நம்பர், திறக்கிற நேரம் எல்லாம் போடுங்கோ. ரொறன்ரோ ஆக்கள் கேட்டால் அண்டைக்கே ரிப்ளை பண்ணுங்கோ. வாரம் ரெண்டு வீடியோ. அண்ட் அம்மா, ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டுப் போடுங்கோ, ப்ளீஸ்!”

அப்படியே செய்தார்கள். கழுவ முதல் கேட்பது வழக்கமாயிற்று: “வீடியோ போடலாமோ? உங்கட பேர் சொல்ல மாட்டன். காப்பெற்றுக்கு மட்டும்தான் பேச்சு விழும்.” வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கம்பளத்துக்கு எப்போது பேச்சு விழும் என்று நாள் கேட்டார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் தோளில் கம்பளச் சுருளோடு வாசலில் குனிந்து உள்ளே வந்தார். பெயர் மாக்கஸ். ரொறன்ரோவின் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். எல்லா வீடியோவையும் பார்த்து ஒரு தமிழ்ச் சொல்லும் படித்திருந்தார். அடிக்கடி கேட்டதால், அது இந்த அம்மாவை மரியாதையாகக் கூப்பிடும் பெயர் என்று அவருக்கு நினைப்பு. சுருளை இறக்கி வைத்து, இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சரித்துச் சொன்னார்:

“வணக்கம், மூதேவி.”

சிவபாதத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. யோகமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, பிடிமானம் கிடைக்காமல் சவர்க்காரத் தண்ணீருக்குள்ளேயே தொப்பென்று குந்தினாள். மாக்கஸ் பதறித் தூக்க வந்து, தானும் வழுக்கி அவளுக்குப் பக்கத்தில் விழுந்தார். சொல்லின் பொருளைச் சிவபாதம் ஒருவாறு ஆங்கிலத்தில் விளக்கியபோது அந்த மனிதரின் முகம் செம்பரத்தம்பூவாயிற்று. பிறகு அவரும் சிரித்த சிரிப்பில், பக்கத்துத் தச்சுக்கூடத்து ஆட்கள் என்ன நடந்தது என்று பார்க்க ஓடி வந்தார்கள். அன்று அவர் கம்பளம் வாங்கிய ஏச்சு மிக நீளமானது. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. டிசம்பரில் நிலாணி என்ற பெண்ணின் கம்பளத்தில் சிவப்புச் சாயம் கழன்று வெள்ளைப் பூக்களுக்குள் ஓடிவிட்டது. முதலில் ஈரத் துணியால் ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் பார்க்கவில்லை. யோகமலர் நிலாணிக்கு உண்மையைச் சொன்னாள், புதுக் கம்பளம் வாங்கிக் கொடுத்தாள். பிறகு அவள் சம்மதத்தோடு அதையும் வீடியோ எடுத்தாள்.

“விசரே உமக்கு?” என்றார் சிவபாதம். “பிழைச்சதை ஆரும் ஊருக்குக் காட்டுவினமே?”

“நல்லாக் கழுவினதைக் காட்டேக்குள்ள பல்லைக் காட்டினனாங்கள்தானே” என்றாள் அவள். “இண்டைக்குக் காப்பெற்றுக்கு ஏச்சில்லை. எனக்குத்தான்.” கண்ணாடியைப் பார்ப்பதுபோல் கைபேசியைப் பார்த்துத் தன்னையே ஒரு நிமிடம் ஏசித் தீர்த்தாள்.

ஜனவரியில் ரம்ஸியா வந்தாள். ஸ்காபரோவில் ஒரு சிறிய தொழுகை அறையைப் பராமரிப்பவள். நோன்பு தொடங்க முன் ஆறு பெரிய விரிப்புகள் கழுவ வேண்டும்.

“நல்லா வந்தத எல்லாரும் போடுவாங்க அக்கா” என்றாள். “பிழ விட்டதயும் போட்டீங்க பாருங்க, அதப் பாத்துத்தான் வந்த.” சற்றுத் தயங்கினாள். “ஒண்டு மட்டும். இது தொழுற விரிப்பு. ஏச வேணாமே.”

“சீச்சீ! அதுக்கு ஏசுவனே?” என்றாள் யோகமலர்.

ஆனால் வாயை மூடிக்கொண்டு கழுவவும் முடியவில்லை. பத்து நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பதினோராவது நிமிடம் வேறொரு குரல் வந்தது.

“கொஞ்சம் சரிஞ்சு படுங்கோ, பாப்பம். தண்ணி குளிருதோ? பொறுங்கோ, சுடுதண்ணி விடுறன். எத்தினை பேர் நெத்தி வைச்ச இடம் நீங்கள், உங்களை நோகப் பண்ணலாமே?”

பார்த்துக்கொண்டு நின்ற ரம்ஸியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போது, இத்தனை மாதமும் எந்த வீடியோவிலும் மூச்சுக்கூட விடாத சிவபாதம், தேத்தண்ணிப் போத்தலோடு உள்ளே வந்தார். விரிப்பைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார்:

“உங்களுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டோ?”

ரம்ஸியாவின் சம்மதத்தோடு போட்ட அந்த வீடியோ பழையவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. அந்த வாரமே இன்னும் மூன்று தொழுகை அறைகளும் ஒரு கோயிலும் அழைத்தன. பிப்ரவரி முடிய முன் பக்கத்துக் கதவையும் வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தார்கள்.

சிவபாதம் கருத்துகளை ஒன்று விடாமல் வாசித்தார். ‘அந்த அங்கிள் யார்?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘நான்தான்’ என்று பதில் எழுதினார். அடுத்த திங்கட்கிழமை சேவ் எடுத்து, நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

“இதென்னப்பா, கலியாண வீட்டுக்கோ?” என்று கேட்டாள் யோகமலர்.

“கதையை விட்டுட்டு அந்த ஃபோனைக் கொஞ்சம் இஞ்சாலை திருப்பும்” என்றார் அவர். “எனக்கு இந்தப் பக்கம்தான் வடிவு.”