செதில் முகத்தோடு பெண் பார்க்கப் போனோம்

தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குப் பெட்டி அடிக்கும் வேலை. பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் கிழிந்தது, கசங்கியது எல்லாம் என் கைக்கு வந்து சேரும். தோட்டத்துக் காமன் கூத்துக்கு முகம் எழுதுகிறவனும் நான்தான். அதனால் கொழும்பிலிருந்து சினிமா எடுக்க வந்தவர்கள் நாகராஜன் என்ற பாம்பு ராஜா வேஷத்துக்கு முகம் செய்ய ஆள் தேடியபோது, கொட்டகலைக் கடைத்தெருவில் எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

முகத்தில் பச்சை மை பூசினால் போதும் என்றார் டைரக்டர். எனக்கு எரிச்சல் வந்தது. செதில் இல்லாமல் என்ன பாம்பு? பாம்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லாததால், தேயிலைச் செடியில் இருந்த ஓணானைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். உதட்டோரம் பொடிச் செதில், கன்னத்தில் அகலம், கழுத்தில் முள். ஈயத்தாளை அப்படியே வெட்டி, மஞ்சளும் விளக்குக் கரியும் தடவி, எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் மாதிரி கீழேயிருந்து மேலாக ரப்பர் பாலில் ஒட்டுவது என்று முடிவு செய்தேன். மேலேயிருந்து தொடங்கினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

ரப்பர் பாலின் நாற்றம் மூக்கில் பட்டதும் நாகராஜனாக நடிக்க வந்த நடிகர் எழுந்து போய்விட்டார். அவருக்குப் பதிலாக என் தம்பியை உட்கார வைத்தேன். சின்ன வயதில் அம்மை போட்டு அவன் முகமெல்லாம் குழி. அதைப் பார்த்துவிட்டுப் போன பெண் வீட்டார் யாரும் மறுபடி ஆள் அனுப்பவில்லை. பஸ்ஸில்கூட ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்காருவான். அந்தக் குழிகளில் ரப்பர் பால் பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு பிடி. கண்ணாடியைக் காட்டினேன். தம்பி வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

டைரக்டரும் அவனையே நடிக்கச் சொல்லிவிட்டார். பிறகு மழை பிடித்துக்கொண்டு படப்பிடிப்பு நின்றது. வெயில் வரும்வரை ஒரு செதில்கூட உதிரக் கூடாது என்று டைரக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோ பூண்டுலோயாவுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாளைத் தள்ளிப் போடலாமா என்று தம்பியைக் கேட்டேன்.

"வேணாம்ண்ணே. இப்படியே போறேன். இந்த மூஞ்சிக்கு ஒரு குறையும் இல்ல."

பஸ்ஸில் எங்களுக்கு ஒரு சீட் முழுதாகக் கிடைத்தது. கண்டக்டர் காசைத் தள்ளி நின்று வாங்கினார். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு முட்டை ஒன்றைத் தம்பி மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவன் அதை மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பெண் வீட்டில் யாரும் செதிலைப் பற்றி மூச்சு விடவில்லை. வந்த மாப்பிள்ளையின் முகத்தை அவன் எதிரிலேயே குறை சொல்வது அழகில்லையே. பஸ் நேரத்துக்கு வந்ததா, உங்கள் பக்கம் கொழுந்து எப்படி என்றுதான் விசாரித்தார்கள். கடைசியில் பெண்ணின் அப்பா என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் அழைத்துப்போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இது உங்க பரம்பரையில வர்றதுங்களா?"

"இல்லீங்க, நான் ஒட்டுனது," என்றேன். எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப சரிங்க," என்று நிம்மதியாக உள்ளே போனார்.

பெண் தேநீர் கொண்டுவந்தாள். ஆவி பட்டு உதட்டோரச் செதில் ஒன்று கழன்று தம்பியின் தம்ளருக்குள் விழுந்தது. அவன் அதையும் சேர்த்துக் குடிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அதுக்குக் கீழ என்ன இருக்குங்க?"

"அம்மைத் தழும்பு," என்றான் தம்பி. அந்த வீட்டில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "எடுத்துக் காட்டுங்க."

கொழும்புக்காரர்களே வாய் பிளந்த வேலை அது. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒட்டியதற்கு நேர்மாறாக, மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாக உரித்தேன். நெற்றி வந்தது, கன்னம் வந்தது, குழிகள் எல்லாம் எண்ணெயில் பளபளத்தன. அவள் குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து அவள் அப்பா வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்தார்.

திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. கூட்டம் எங்கள்மேல் வந்து விழுந்தது. நாளைக்கு டைரக்டருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கடுகடுவென்றிருந்தேன். உரித்துச் சட்டைப்பையில் போட்டிருந்த செதில்கள் உறுத்தின. ஜன்னல் பக்கம் ஓர் இடம் காலியானதும், போய் உட்காரடா என்று தம்பியிடம் எரிந்து விழுந்தேன்.

"நீங்க உட்காருங்கண்ணே," என்றான். கூட்டத்தைப் பார்த்தபடி, கொட்டகலை வரும்வரை நடுவிலேயே நின்றுகொண்டு வந்தான்.