நான் பிரதி எடுத்து வைத்த கடிதம்

எந்தக் கடதாசியையும் எறிய எனக்கு மனம் வராது. அகதி வழக்கு நடந்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒரு துண்டு குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, மூலையில் திகதி எழுதி, கோப்பில் போட்டு வைத்தோம். வழக்கு வென்று, லண்டனின் தெற்கே மோர்டனில் பலசரக்குக் கடை திறந்து, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன பிறகும் என் கை நிற்கவில்லை. "கோயில் அர்ச்சனைத் துண்டுக்கும் பிரதி எடுப்பீர் போல" என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

என் ஆங்கிலமும் அந்தக் கோப்பிலிருந்து வந்ததுதான். சட்டத்தரணி எங்களுக்காக எழுதிய கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்து, யாரையும் நேராகத் திட்டாமல் பயமுறுத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். மோர்டன், சட்டன் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர்கள் ஒரு சங்கம் தொடங்கியபோது, அந்த ஆங்கிலத்துக்காகவே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

சங்கம் தொடங்கக் காரணம் பெரிய கடை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், நாடு முழுவதும் கிளை பரப்பியிருந்த ஒரு பெரிய கடை, எங்கள் தெருமுனையில் ஒரு சின்னக் கிளையைத் திறந்தது. பாலும் பாணும் மட்டும் விற்றிருந்தால் நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். அவர்கள் ஒரு தட்டு முழுக்கத் தேங்காய்ப்பால் தகரம், பாசுமதி, மைசூர்ப் பருப்பு என்று அடுக்கினார்கள். நாங்கள் வாங்கும் விலைக்கே அவர்கள் விற்றார்கள். எங்களுக்குச் சாமான் தரும் மொத்த வியாபாரி, "அவைக்குக் குடுக்கிற விலைக்கு உங்களுக்குத் தந்தால் அவை என்னை விட்டுடுவினம்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சாமான் ஏற்றிவந்த வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சங்கம் கூடியது ஒரு தேவாலய மண்டபத்தில். சனிக்கிழமைகளில் அங்கே தமிழ்ப் பள்ளி நடக்கும். குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்துகொண்டு, கடைக்காரர்கள் முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தார்கள். பெரிய கடையோடு விலையில் போட்டி போட ஏலாது. ஆனால் எங்களுக்குள்ளே அடிபடாமலாவது இருக்கலாம். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், அரிசிமா, இன்னும் சில சாமான்களுக்கு எல்லாரும் ஒரே விலை. யாரும் குறைத்து விற்கக்கூடாது. நான் அதைக் கூட்டக் குறிப்பாக அழகாகத் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, கோப்பில் போட்டேன்.

சில மாதங்களில் எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி, பூட்டிக் கிடந்த சலவைக்கடையை ஒரு பெண் எடுத்தாள். முப்பது வயது இருக்கும். விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் பல வருடம் ஷிப்ட் செய்து சேர்த்த காசில் திறந்த கடை. கணவன் பஸ் ஓட்டினான். சங்கத்தில் சேரச் சொல்லி நான்தான் போய்க் கேட்டேன். விலைப் பட்டியலை வாசித்துவிட்டு, "குறைச்சு விக்காட்டி என்னட்ட ஆரக்கா வரப்போகினம்? உங்களை எல்லாருக்கும் தெரியும், என்னை ஆருக்குத் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்விதான். எனக்கு அன்றைக்கு அது திமிராகப் பட்டது.

எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் அவளிடம் போனார்கள். எங்கள் கடை வாசலைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய கடைக்குப் போனவர்கள்மேல் வராத கோபம் இவர்கள்மேல் வந்தது. அடுத்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "அவளுக்கு வாற வானை நிப்பாட்டினால் எல்லாம் சரி." ஒருவரும் மறுக்கவில்லை. மொத்த வியாபாரிக்கு எழுத வேண்டியது செயலாளர்.

அந்தக் கடிதத்துக்கு ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். எங்கள் அங்கத்தவர்கள் உடன்பட்ட விலைக்கு வெளியே விற்கும் ஒரு கடைக்கு நீங்கள் தொடர்ந்து சாமான் இறக்கினால், உங்களிடம் வாங்குவதை மீள்பரிசீலனை செய்ய நாங்கள் நிர்ப்பந்திக்கப்படுவோம் என்பது அதன் சாரம். 'நிர்ப்பந்திக்கப்படுவோம்' என்ற சொல்லை அகராதியில் பார்த்து நிச்சயப்படுத்தினேன். கையெழுத்திட்டேன். பிரதி எடுத்தேன்.

வான் அவள் கடை வாசலில் நிற்பதை விட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் எங்கள் கடைக்கு வந்தாள். எங்களுக்கு வான் வருவது புதன்கிழமை. கட்டம் போட்ட துணி ட்ரொலியை இழுத்துக்கொண்டு வந்து, அரிசிமா ஆறு பைக்கற், பலாக்காய் பத்துத் தகரம், கறிவேப்பிலை என்று எடுத்து, வரிசையில் நின்று, மற்றவர்கள் கொடுக்கும் விலையைக் கொடுத்து வாங்கிப்போவாள். தன் கடைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டு சொன்னார், அங்கே எங்கள் விலைத்துண்டு ஒட்டிய தகரங்கள் தட்டில் இருக்கின்றனவாம், அதே விலைக்கு. அதில் அவளுக்கு ஒரு சதம்கூட மிஞ்சாது. ஒரு சாமான் இல்லையென்று சொன்னால் வந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதற்காகச் செய்தாள். கடைக்காரியான எனக்கு அது விளங்காமலா இருக்கும்?

"இப்ப எங்கட நல்ல கஸ்டமர் அவதான்" என்றார் என் கணவர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் பெரிய பலசரக்குக் கடைகளின் அதிகாரத்தைப் பற்றி அரசாங்க விசாரணை ஒன்று நடந்தது. அவர்களை அடக்கச் சட்டம் போதுமா, இன்னும் இறுக்க வேண்டுமா என்று பார்க்கிறார்கள், சின்னக் கடைக்காரர்களும் எழுதலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் ஒரு மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கி, ஏதோ அலுவலகத்தில் சட்ட ஆலோசகராக வேலை செய்தவர். எங்களிடம் இட்லி அரிசி வாங்குவார். பிழை விட்டால் திரும்ப எழுதவென்று படிவத்தில் இரண்டு பிரதி கொண்டுவந்து தந்தார்.

படிவத்தின் ஏழாம் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் கடை எது, அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுக. பெரிய கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஒன்றரைப் பக்கம் நிரப்பினேன். எட்டாம் கேள்விதான் சிக்கல். ஒரு கடைக்குச் சாமான் கொடுக்கக்கூடாது என்று விநியோகத்தரை யாராவது நெருக்கியதற்கு எழுத்தில் ஆதாரம் உண்டா? சங்கத்தில் எல்லாரிடமும் கதை இருந்தது, ஆதாரம் ஒருவரிடமும் இல்லை. "என்னட்ட எல்லாக் கடிதமும் இருக்கு, அதில ஏதும் உதவுமோ பாருங்கோ" என்று முழுக் கோப்பையும் அந்த மலேசியக்காரரிடம் நீட்டினேன்.

கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டைமேல் இருந்து அவர் வாசித்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனபோது ஒரு தாளைத் தனியாக எடுத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"ஓம். நல்லா இருக்கோ?"

அவர் சிரிக்கவில்லை. "எட்டாவது கேள்விக்கு இதவிட நல்ல ஆதாரம் இந்த லண்டன்லயே கிடைக்காது. ஆனா இது உங்க மேலயே வரும். சட்டம் பெரியவன் சின்னவன நசுக்கறத மட்டும் பாக்கல. கடைக்காரங்க கூடி விலை பேசினாலும் தப்புதான். பேசி முடிச்சு, ஒத்துவராதவங்களுக்குச் சரக்கு நிறுத்தினா அதவிடத் தப்பு. இதையும் அந்த மீட்டிங் குறிப்பையும் எடுத்துடுங்க. மத்தத அனுப்புவோம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். பெரிய கடைக்காரனையும் எங்களையும் ஒரே தராசில் போடுவதா? அவன் ஒரு தொலைபேசி அழைப்பில் வானை நிறுத்துகிறான், ஒரு துண்டும் மிஞ்சுவதில்லை. பெரியவர்கள் எழுதுவதே இல்லை. எழுதி, திகதி போட்டு, பிரதி எடுத்து வைப்பது எங்களைப் போன்ற விசரர்கள்தான். சட்டத்தை இறுக்க வேண்டுமென்றால் முதலில் எழுதாதவனைப் பிடிக்கிற மாதிரி இறுக்க வேண்டும். இப்போதும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று அந்தத் தாளைத் திரும்ப வாசித்தபோது, அந்த நியாயம் எனக்கு உதவவில்லை. பெரிய கடை செய்கிறது என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதியதை, நான் அரைப் பக்கத்தில் செய்திருந்தேன்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம், கடிதத்தைத் திரும்பப் பெறப்போகிறேன் என்று சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? வான் அங்க போனால் சட்டன் கடைக்காரர் நாளைக்கே விலையைக் குறைப்பினம். பிறகு சங்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. பெரிய கடைக்காரன் எங்களை ஒவ்வொருத்தராய் விழுங்குவான். அவனுக்கு முன்னால நாங்கள் ஆரப்பா?"

"அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, நாங்கள் ஆரெண்டு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் பயம் பொய்யில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கடைசியில், "எழுதுறதெண்டால் எழுதும். கூட்டத்தில நான் உம்மட பக்கம் கதைக்கமாட்டன்" என்றார். அவர் சொன்ன மாதிரியே கதைக்கவில்லை. எதிர்த்தும் கதைக்கவில்லை. கூட்டத்தில் நான் வாங்கிய பேச்சுகளை இங்கே எழுதத் தேவையில்லை. செயலாளராக எழுதியதைச் செயலாளராகவே திரும்பப் பெற்றேன், அதன்பிறகு பதவியை விட்டேன். மொத்த வியாபாரிக்குத் தொலைபேசியிலும் சொன்னேன். "எனக்கென்னக்கா, நீங்கள் வேண்டாமெண்டால் நிப்பாட்டுறன், வேணுமெண்டால் இறக்குறன்" என்றார். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அவ்வளவு லேசாக என் வாயில் இருந்திருக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் ட்ரொலியோடு வருமுன் நானே அவள் கடைக்குப் போனேன். அந்தக் கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோனேன். தட்டில் எங்கள் விலைத்துண்டோடு ஏழெட்டுத் தகரங்கள் இருந்தன. இனிமேல் புதன்கிழமை வான் உனக்கும் வரும் என்று சொன்னேன். பிறகு பிரதியை நீட்டினேன்.

"பிள்ளை, வானை நிப்பாட்டினது நான்தான். இதுதான் நான் எழுதின கடிதம்."

அவள் அதை வாங்கவில்லை. "தெரியுமக்கா. வான்காரர் அப்பவே காட்டினவர். கீழ உங்கட கையெழுத்து இருந்தது."

நீட்டிய தாளை மடித்துக்கொண்டேன். எட்டு மாதம், ஒவ்வொரு வியாழக்கிழமையும், என் முகத்தைப் பார்த்து, "எப்பிடியக்கா சுகம்?" என்று கேட்டு, காசைக் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"தெரிஞ்சுகொண்டோ என்னட்ட வந்து வாங்கினனீர்?"

"வேற எங்கயக்கா போறது?" என்றாள். குரலில் கோபம் இல்லை, எனக்கு விளங்காத ஒன்றை விளக்குவதுபோலச் சொன்னாள். "எனக்குக் கார் இல்லை. வேற மொத்தக்கடைக்கெண்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்வந்தால் அரைநாள், கடையை ஆர் பாக்கிறது? எங்கட சாமான் எல்லாம் வைச்சுக் கிட்ட இருந்தது நீங்கள் மட்டும்தானே."

நான் கடைக்குத் திரும்பினேன். விசாரணை பிறகு முடிந்தது. விநியோகத்தரைக் காக்க ஏதோ விதிகள் வந்தன என்று அந்த மலேசியக்காரர் சொன்னார். பெரிய கடை இன்றைக்கும் தெருமுனையில் நிற்கிறது. என் படிவத்தை யாராவது வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், எழுதி முடித்த படிவத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, மலேசியக்காரர் தந்த மற்ற வெற்றுப் படிவத்தை எடுத்தேன். பெரிய கடையைப் பற்றி எழுதியதைத் தனித்தாளில் அப்படியே இணைத்தேன். எட்டாம் கேள்விக்குக் கடிதத்தின் பிரதியை வைத்தேன். ஏழாம் கேள்வியில், மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற இடத்தில், "வேற எங்கயக்கா போறது?" என்று அவள் கேட்ட ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். ஆதிக்கம் செலுத்தும் கடை எது என்று கேட்டிருந்த இடத்தில் எங்கள் கடையின் பெயரை எழுதினேன்.